ஆறு சாட்சி, ஒரே சொல்

பொலிஸ் பயிற்சிப் பொறுப்பாளர்கள் கூடும் ஒரு கருத்தரங்கில் வந்து பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அழைப்போடு சில கேள்விகளும் வந்தன. “உங்கள் தொழிலில் ஆராய்ச்சியை எவ்வாறு பயன்படுத்தினீர்கள்?” என்பது அவற்றில் ஒன்று. பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வரியில் நான் சுகம் விசாரித்தே முடிக்கமாட்டேன்.

என் மனைவி ஸரீனா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “எழுதுங்க, ‘ஆக்கள் கதைக்கக்குள்ள இடையில வெட்டப்படாது எண்டு படிச்சன், ஆனா வீட்டில மட்டும் அதப் பாவிக்கிறல்ல’ எண்டு,” என்றாள். பதில் சரிதான். ஆனால் கருத்தரங்கில் வாசிக்க முடியாது. அதனால் ஆறுதலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் கல்முனைக்குடிக்காரன். நாட்டில் சண்டை சூடுபிடித்த காலத்தில் பொலிஸில் சேர்ந்தேன். பயிற்சிக் கல்லூரியில் அணிவகுப்பு, சட்டம், சுடுகிற துவக்கைக் கழற்றிப் பூட்டுவது, சப்பாத்தில் முகம் தெரிய மினுக்குவது என்று எல்லாம் பழக்கினார்கள். வாக்குமூலம் எடுப்பதை மட்டும் ஒரே பகலில் முடித்துவிட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, விலாசம், தொழில். அதன் பின் கேள்வி, பதில். சாட்சி வேறு கதைக்குப் போனால் காதைப் பிடித்து இழுக்காத குறையாகத் திரும்பக் கொண்டுவா. கடைசியில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கு. நானும் அப்படியே செய்தேன், கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. குறை இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

முதல் சந்தேகத்தைக் கொண்டுவந்தது கடல். சுனாமிக்கு அடுத்த நாட்களில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டுக் காணாமற்போனவர்களின் விபரம் எடுத்துக்கொண்டிருந்தேன். மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் வந்தார். மனைவியைத் தேடுகிறார். உயரம் என்ன? தெரியாது. உடுத்திருந்தது என்ன நிறம்? தெரியாது. அடையாளம் ஏதும் உண்டா? தெரியாது. கட்டின பெண்சாதியைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதனா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அப்போது பார்த்துப் பேனையில் மை முடிந்தது. வேறு பேனை வரும்வரை நான் சும்மா இருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி தன் பாட்டில் பேசத் தொடங்கினார்.

“முந்தின நாள் அம்மிக் குழவி உருண்டு அவட காலில விழுந்திட்டு. விரல் வீங்கிப் போச்சி. நான் தறியில கிடந்த சாரத் துண்டக் கிழிச்சுக் கட்டி விட்டன். ஊதாவும் வெள்ளையும் கோடு போட்ட துண்டு. ‘விக்கிற சாமானக் கிழிச்சிட்டீங்களே’ எண்டு ஏசினா.”

அந்த ஊதா வெள்ளைத் துண்டைப் பற்றி அம்பாறைக்குப் புறப்பட்ட ஒரு லொறிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். அம்பாறை ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல், நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணின் கால் விரலில் அது இருந்தது. அந்தப் பெண் பிழைத்தாள். இன்றும் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு உடுக்க ஒரு சாரம் வரும். ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. நான் கேட்டபோது தெரியாத மனிதருக்கு, நான் கேட்காதபோது எப்படித் தெரிந்தது?

சில வருடங்களுக்குப் பின் சப் இன்ஸ்பெக்டராகி, புதிதாக வரும் கான்ஸ்டபிள்களை நிலையத்தில் வைத்துப் பழக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காகக் கொழும்பில் ஒரு வகுப்பு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மனோதத்துவம் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர் அம்மா பேசினார். பாதிப் பேர் நித்திரை. நான் நித்திரையாகவில்லை, ஏனென்றால் அவர் என் நெசவுக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். இடையில் குறுக்கிட்டால் சாட்சியின் ஞாபகம் அறுந்துபோகும். அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு மனதால் திரும்பப் போக விட்டால் கேள்விக்கு வராதது தானாக வரும். சாட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஒருவர் கண்டது மற்றவர் கண்டதாகிவிடும், அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் தேவையில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுந்து நின்று கைதட்டலாமா என்று இருந்தது.

வகுப்பு முடிய அவரிடம் போய்க் கேட்டு, ஒரு கட்டு ஆங்கிலக் கட்டுரைகளைப் போட்டோப் பிரதியாக வாங்கிவந்தேன். என் ஆங்கிலம் பொலிஸ் ஆங்கிலம். ஸரீனாவும் நானும் ஒவ்வொரு பந்தியாகப் படித்தோம். அவள் சொற்களை விளக்கினாள், நான் பொலிஸ் நிலையத்தை விளக்கினேன். “இதக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக்காரன் வேணுமா? நான் எத்தின வருசமாச் சொல்றன்!” என்பதை அவள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தடவை சொன்னாள்.

ஆனால் படித்ததை அப்படியே விழுங்குகிற ஆள் நான் இல்லை. எவனோ எந்த ஊரிலோ கண்டுபிடித்தது கல்முனைக்குச் சரிவருமா என்று பார்க்க வேண்டும். பக்கத்து நிலையத்திலிருந்து என் பயிலுநர்களுக்குத் தெரியாத ஒரு சார்ஜன்டை வரவழைத்தேன். வகுப்பு நடக்கும்போது அவர் தடாலென்று கதவைத் திறந்து வந்து, “என்ட மோட்டார் சைக்கிள் சாவி எங்க?” என்று என்னோடு சண்டை பிடித்து, ஹெல்மெட்டை மேசையில் அடித்துவிட்டுப் போனார். பயிலுநர்கள் திகைத்துப் போனார்கள். பாதிப் பேரைப் பழைய முறையில் விசாரித்தேன். “அவர் கையில் இருந்த பை என்ன நிறம்?” கறுப்பு என்றார்கள், நீலம் என்றார்கள், ஒருவன் மண்ணிறம் என்று அடித்துச் சொன்னான். பையே இருக்கவில்லை. மற்றப் பாதிப் பேரைத் தங்கள் பாட்டில் சொல்லவிட்டேன். ஒருவர் வாயிலும் பை வரவில்லை.

வேறொரு நாள் வேறோர் ஆளை வைத்து அதே நாடகம். இம்முறை முதலில் எல்லோரையும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்கவிட்டேன். அங்கே சத்தமாகப் பேசும் ஒருவன், “அந்த மீசக்காரன்…” என்று தொடங்கினான். தேத்தண்ணீர் முடிய எல்லோருடைய வாக்குமூலத்திலும் மீசை முளைத்துவிட்டது. வந்தவர் மழுங்கச் சிரைத்த முகத்துக்காரர்.

சரிவராததும் இருந்தது. சாட்சியைக் கண்ணை மூடச்சொன்னால் நன்றாக ஞாபகம் வரும் என்று கட்டுரை சொன்னது. ஒரு மீன் வியாபாரியிடம் சொல்லிப் பார்த்தோம். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் ஒரு கணத்தில் புரிந்துகொண்டேன். எங்கள் பகுதியில், அந்த வருடங்களில், சீருடை போட்டவன் ஒருவனைப் பார்த்துக் கண்ணை மூடு என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. அன்றே அந்தப் பகுதியை வெட்டினேன். அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று வகுப்பில் கேட்டபோது கௌரி கை உயர்த்தினாள். காரைதீவுப் பிள்ளை, புதிதாக வந்த கான்ஸ்டபிள்.

“சேர், எங்கட அம்மா நெல்லுப் புடைக்கக்குள்ளதான் எல்லாக் கதையும் சொல்லுவா. சும்மா இருந்து சொல்லுங்க எண்டா ஒண்டும் வராது. கையில வேல இருக்கட்டுமே. கண் தன்பாட்டில குனிஞ்சிடும்.”

எந்தக் கட்டுரையிலும் நான் அதைக் காணவில்லை. செய்து பார்த்தோம், எங்கள் ஆட்களுக்கு அது கண் மூடுவதைவிட நன்றாகவே வேலை செய்தது. அன்றிலிருந்து எங்கள் முறை அதுதான். சாட்சியை நிலையத்துக்கு இழுக்காதே. அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போ, கையை நிறுத்தச் சொல்லாதே, எழும்பியதிலிருந்து சொல்லச் சொல், பிறகு உன் வாயை மூடு.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையப் பொறுப்பதிகாரி ஜயசேன, குருநாகல் பக்கத்தவர். அவருடைய தமிழ் மீன் சந்தையில் பழகியது. அதில் மரியாதைப் பன்மை கிடையாது. ஊர்ப் பெரியவரான மரைக்காருக்கும் நீ, மாணவனுக்கும் நீ. யாரும் கோபித்ததில்லை, ஏனென்றால் லஞ்சம் என்ற சொல்லையும் அவர் அந்தச் சந்தையில் பழகவில்லை. வாக்குமூலத்தை எப்போதும் நின்றபடியே வாசிப்பார். சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைப்பார். அது நிமிர்ந்து நிற்கும்வரை அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திருப்தி என்றால் உங்களை நிற்கவைத்தே அனுப்பிவிடுவார். திருப்தியில்லை என்றால் உட்காரும்படி கதிரையைக் காட்டுவார். “இரி” என்று அவர் சொன்னால் அன்று உங்கள் கதை முடிந்தது. நிலையத்தில் யாருக்காவது ஏச்சு விழுந்தால், “கதிரை கிடைச்சிட்டு” என்றுதான் சொல்வோம்.

வாக்குமூலப் பயிற்சியை ஒரே நாளில் கொட்டாமல் நாளுக்குக் கொஞ்சமாக மாதக்கணக்கில் பிரித்துக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்று எனக்குக் கதிரை கிடைத்தது.

“ஒரு நாள் வேல. நீ ஏன் இழுக்கிற?”

“சேர், ஒரே நாள்ல கொட்டுற மழ வயலுக்கு நிக்காது, கடலுக்குப் போயிடும். விட்டு விட்டுப் பெய்யணும். பழக்கினவன் கூடப் போய்ப் பாத்துத் திருத்தணும். ஆராய்ச்சியும் அதத்தான் சொல்லுது.”

“ஆராய்ச்சி!” என்றார். மூடியை எடுத்துப் பேனையில் பூட்டினார். “செய். பிழையாப் போனா நீதான்.”

அது பிழையாகப் போகவும் கூடிய ஒரு நாள் வந்தது. போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. மாரி விதைப்புக்கு வயல்கள் உழுகிற நேரம். மருதமுனையில் அலியார் காக்கா சுபஹ் தொழுதுவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது, இருட்டு விலக முன் ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் இரண்டும் உடைந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று அழைத்து மதிக்கும் மனிதர்.

விடிந்த பிறகு சிவப்பு உழவு மெசின், அதாவது டிராக்டர், ஒன்றை ஊர்ச் சனம் மறித்துப் பிடித்தது. ஓட்டியவன் ஜீவன், பக்கத்து ஊரான பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன். கூலிக்கு உழப் போனவன். எங்கள் ஆட்கள் போய் அவனை அடியிலிருந்து மீட்டு நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியால் போனாயா என்று கேட்டதற்கு ஓம் என்றான். விழுந்து கிடந்தவரைக் கண்டாயா என்றதற்கும் ஓம் என்றான். “இறங்கினா நான்தான் அடிச்ச எண்டு சொல்லுவாங்க எண்டு பயந்து போயிட்டன், ஐயா.” அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எல்லோருக்கும் கேட்டது.

காலையிலேயே இஸ்மாயில் மரைக்கார் ஆறு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர்களில் தாய்வழி வந்த ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. பள்ளிவாசலிலும் வெளியிலும் தன் குடிக்காகப் பேசுவது அவர் கடமை. பொலிஸ், கோடு, வழக்கு என்று போவதற்கு முன் ஆட்களைக் கூட்டி வைத்து, யார் என்ன கண்டது என்று கேட்டு, முரண்பாடு இருந்தால் தீர்த்து, ஒரு சொல்லாக்கிக் கொண்டுவருவார். அது கள்ளம் அல்ல, மரியாதை. ஊர் பல சொல் சொன்னால் ஊருக்கு மானக்கேடு. அந்த ஆறு பேரில் மரைக்காரும் ஒருவர். ஆறு பேரும் சொன்னார்கள்: “சிவப்பு மெசின் வேகமா வந்து அடிச்சிட்டு, நிப்பாட்டாமப் போன.”

வெளியே நிலைமை சரியில்லை. முஸ்லிம் ஊரான மருதமுனையில் கடைகள் மூடப்பட்டுவிட்டன. பாண்டிருப்பிலும் இளைஞர்கள் சந்திக்கு வந்துவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஓர் ஒழுங்கை, ஒரு சிறு வீதிதான், அதில் யாரோ பழைய டயர்களைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். நிலைய வாசலில் ஜீவனின் தாய் நின்றாள். அழவில்லை, கேட்கவில்லை, உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்த் தாய் பொலிஸ் வாசலில் அப்படி நிற்பதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

பொறுப்பதிகாரி ஆறு வாக்குமூலங்களையும் நின்றபடி வாசித்து முடித்தார்.

“ஆறு ஆள். ஒரே கதை. நாளைக்குக் கோட்டில போடு.”

“சேர், அதுதான் பிரச்சினை,” என்றேன். “ஆறு பேரும் ஆறு வீட்டுக்காரங்க. ஆறு இடத்தில நிண்டவங்க. ஒரே சொல்லு எப்படி வந்த? இது அந்த மீசை, சேர்.”

மீசைக் கதை அவருக்குத் தெரியும். என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கதிரையைக் காட்டினார். “இரி.”

இருந்தேன்.

“உன்ட ஆராய்ச்சியால இந்த ரெண்டு ஊரும் எரிஞ்சா?”

“பிழையான ஆளக் கோட்டில போட்டாலும் எரியும், சேர். அந்த எரிச்சல் கனகாலம் நிக்கும்.”

பேனை மூடி வெகுநேரம் நிமிர்ந்தே நின்றது. “பின்னேரம் வரைக்கும்தான் நேரம்,” என்றார்.

கௌரியையும் நசார் என்ற இன்னொரு பயிலுநரையும் கூட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். நானே விசாரித்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் என் வாய் பழைய வாய். இருபது வருடமாக வெட்டிப் பழகியது. அவர்களுடையது புது வாய், நாளுக்குக் கொஞ்சமாக நானே பழக்கியது. அன்று நான் அவர்களையும் சோதித்தேன், என்னையும் சோதித்தேன். பயிற்சிப் பொறுப்பாளனுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை, பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருப்பது.

முதலில் றசாக் என்ற நெசவுக்காரர். சாட்சி ஆறு பேரில் ஒருவர். வீதியோரக் கொட்டிலில் தறியில் இருந்தார். எழும்பப் பார்த்தவரை நசார் தடுத்தான். “நீங்க நெய்யுங்க காக்கா. ஒழும்பினதில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லுங்க. அவசரமில்ல.”

தறி ஓடியது. றசாக் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்ததைச் சொன்னார், பள்ளியில் யாருக்குப் பக்கத்தில் நின்று தொழுதார் என்று சொன்னார், தேத்தண்ணீரில் சீனி குறைந்ததைச் சொன்னார். எனக்கு நாக்கு அரித்தது. நசார் அசையவில்லை.

“மறுகா வந்து தறியில இருந்த. கொஞ்ச நேரத்தால டமார் எண்டு ஒரு சத்தம். தறிய நிப்பாட்டிட்டுக் காதக் குடுத்துக் கேட்ட. ஒரு வாகனம் இரைஞ்சிட்டுப் போச்சி. மறுகா ஒரு சத்தமுமில்ல. மறுகா அங்கால இருந்து மெசின் சத்தம் வந்திச்சி. கிட்ட வந்து மெதுவாகிச்சி. மறுகா போயிட்டு…”

தறி நின்றது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்தார்.

“பொறுங்க தம்பி,” என்றார். “அந்த வாகனம் போனதுக்கு மறுகாதான் மெசின் வந்த. யா அல்லாஹ்! நான் காலையில என்ன சொன்ன?”

அந்த மனிதர் காலையில் பொய் சொல்லவில்லை. இப்போதுதான் தன் ஞாபகத்தைக் கேட்கிறார்.

அடுத்தடுத்துப் போனோம். மரைக்காரைத் தவிர மற்ற நால்வரும் சத்தம் கேட்ட பிறகு ஓடிவந்தவர்கள். முதலில் கதவைத் திறந்தவர் ஒரு கடை முதலாளி. அவர் கண்டது தூரத்தில் போகும் மெசினின் பின்பக்கத்தை மட்டும். “மெசின்காரன் அடிச்சிட்டுப் போறான்!” என்று கத்தியிருக்கிறார். அந்த ஒரு சொல் ஆறு வாயில் ஏறியிருக்கிறது.

ஜீவன் அடிக்கவில்லை என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். ஆனால் அடித்தது யார்? அது தெரியாமல் போய்ச் சொன்னால் டயர்கள் அணையாது.

விபத்து நடந்த இடத்துக்கு நேரெதிர் வீட்டில் றாபியா தாத்தா இருந்தா. எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம். அவவை மரைக்கார் அழைக்கவில்லை. பொம்பிளையைப் பொலிசுக்குக் கூட்டிப்போவதா என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. நான் முற்றத்தில் நின்றுகொண்டேன். கௌரி குசினிக்குள் போனாள். “நீங்க தேங்காயத் துருவுங்க தாத்தா, நானும் இஞ்ச இருக்கன்” என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு துருவும் சத்தம் மட்டும். பேச்சு மெல்லிதாக வந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் துருவல் நின்றது. ஏதாவது கேட்டுவிடாதே பிள்ளை, கேட்டுவிடாதே என்று மனதுக்குள் மன்றாடினேன். கௌரி கேட்கவில்லை. துருவல் திரும்பத் தொடங்கியது.

வெளியே வந்தபோது அவள் முகம் பிரகாசமாக இருந்தது.

“சேர், தாத்தா விடிய வாசல் கூட்ட வந்திருக்கா. றோட்டில ஆக்கள் கூடி நிண்டதால படலையோட நிண்டிட்டா. அப்ப றோட்டோரமாப் பூனையள் வரிசையா நிண்டு நிலத்த நக்கினதாம். ‘காயப்பட்ட மனிசன்ட ரெத்தத்த நக்குதுகளோ எண்டு கல்லெடுத்து எறிஞ்சன் புள்ள, ஆனா அது ரெத்தமில்ல, மீன் தண்ணி. நாத்தம் அடிச்சிச்சி’ எண்டா. அந்தத் தண்ணி வடக்குப் பக்கமாக் கோடு மாதிரிப் போனதாம்.”

மீன் லொறி. ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டு வடக்கே போன மீன் லொறி. நான் அந்தப் பிள்ளைக்குச் சலூட் அடித்தேன். சப் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குச் சலூட் அடிக்க ஒழுங்குவிதியில் இடமில்லைத்தான்.

வடக்கே இருந்த ஒவ்வொரு நிலையத்துக்கும் தொலைபேசி போட்டோம். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரம் பதில் வந்தது. ஒரு கராஜில் இடதுபக்க விளக்கை மாற்றிக்கொண்டிருந்த கூலர் லொறி. முன் பம்பரில் அலியார் காக்காவின் சைக்கிளின் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. சாரதி கண்ணயர்ந்துவிட்டதாக அங்கேயே ஒப்புக்கொண்டான். அவன் எந்த ஊர், எந்த இனம் என்று கேட்காதீர்கள். அன்று ஊர்ச் சனமும் அதைத்தான் முதலில் கேட்டது. நான் சொல்லவில்லை.

செய்தியை நான் முதலில் கொண்டுபோனது மரைக்காரிடம். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். லொறியைப் பற்றி வாய் திறக்க முன் அவரிடமும் அதே மாதிரிக் கேட்டேன். “மடிங்க காக்கா. விடிய ஒழும்பினதில இருந்து சொல்லுங்க.” சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார்.

“நான் மெசினக் காணல்ல ஹனிபா,” என்றார். “ஒருத்தர் சொன்னத ஒழுங்காக்கிக் குடுத்தன். ஊர் ஒரு சொல்லா இருக்கணும் எண்டு. அந்தப் பொடியன்ட கதி என்ன?”

லொறி பிடிபட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து தொப்பியைச் சரி செய்தார். என்னோடு நிலையத்துக்கு வந்தார். வாசலில் நின்ற தாயிடம் போய், “மகள், உங்கட மகன நான்தான் கொண்டுவந்து விடுவன்,” என்றார்.

பின் நடந்ததைக் கண்டவர்கள் இன்றும் சொல்வார்கள். ஜீவன் மெசினைக் கிளப்பினான். மரைக்கார் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சில்லுக்கு மேலுள்ள தகட்டில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபக்கத் தகட்டில் தாய். நான் ஜீப்பில் பின்னால் போனேன். மெசின் மருதமுனை எல்லை வரை போய், சனத்துக்கு முன் நின்றது. மரைக்கார் இரண்டே வசனம் பேசினார். அங்கிருந்து மெசின் திரும்பி, டயர்கள் அடுக்கிய ஒழுங்கையால் பாண்டிருப்புக்குள் போனது. டயர்களை இழுத்துப் போட்டு வழிவிட்டவர்கள் அவற்றை அடுக்கியவர்களேதான். அன்று பின்னேரம் இரண்டு ஊரிலும் கடைகள் திறந்தன. அலியார் காக்காவும் பிழைத்து, ஊன்றுகோலோடு நடந்தார். அந்தக் காலையைப் பற்றி மட்டும் அவருக்கு இன்றுவரை ஒன்றும் ஞாபகமில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் பொறுப்பதிகாரி அழைத்தார். போய்ச் சலூட் அடித்து நின்றேன். கையை நீட்டிக் கதிரையைக் காட்டினார். என்ன பிழை விட்டேன்? இருந்தேன். அவர் இன்னொரு கதிரையை இழுத்து என் எதிரில் போட்டுத் தானும் இருந்தார். அந்த மனிதர் உட்கார்ந்து நான் அன்றுதான் கண்டேன்.

“நாளைக்கு இருந்து எனக்கும் பழக்கு,” என்றார். “எல்லாருக்கும் பழக்கு. நாளுக்குக் கொஞ்சம். மழ மாதிரி.”

அப்படித்தான் அது நிலையம் நிலையமாகப் பரவியது. எனக்குப் பெருமைதான். அதை மறைக்க எனக்குத் தெரியாது. விரிவுரையாளர் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம், கையில் வேலை கொடுக்கும் கௌரியின் யோசனையை முதலாவதாக. ஆராய்ச்சியை வாங்கினால் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இவ்வளவையும் எழுதி முடித்து, கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது சென்ற வாரம் ஒரு காரியம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு வேன் பக்கத்து வீட்டு மதிலை இடித்துவிட்டு ஓடிவிட்டது. அயலவர் எல்லோரும் கூடி நின்று கதைத்தோம். நீல நிற வேன். எனக்கு நிச்சயம். ஓர் இளம் கான்ஸ்டபிள் வந்தான். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது. நான் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, “ஆதம்பாவா மகன் ஹனிபா, ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்…” என்று தொடங்கினேன்.

அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டான்.

“அதெல்லாம் பிறகு எழுதுவம், சேர். இதப் பத்தி முதல்ல ஆரோடயும் கதைச்சீங்களா?”

“ஓம்,” என்றேன், கொஞ்சம் அசடு வழிய.

“பரவால்ல. அந்தப் பயித்தங்காய நீங்க உடையுங்க.” ஸரீனா கறிக்கு வைத்திருந்த சுளகை என் மடிக்குத் தள்ளினான். “ஒழும்பினதில இருந்து சொல்லுங்க.”

“உமக்கு இது ஆர் பழக்கின?”

“எங்கட ட்ரெயினிங் இன்ஸ்பெக்டர், கௌரி மேடம்,” என்றான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தான். கதவுக்குப் பின்னால் ஸரீனா சிரிப்பை அடக்குவது கேட்டது.

நான் காய் உடைத்தேன். எழும்பியதைச் சொன்னேன், பேப்பர் வாசித்ததைச் சொன்னேன், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியதைச் சொன்னேன், சத்தத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனபோது அங்கே இடிந்த மதிலும் புழுதியும்தான் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர், “நீல வேன்! நீல வேன்!” என்று கத்திக்கொண்டிருந்தார். என் கை நின்றது.

“தம்பி,” என்றேன், சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வர. “நான் வேனக் காணவே இல்ல.”

அவன் பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டான்.